பாரி என்று வைக்கலாமா?

அன்புள்ள தம்பி,

பையனுக்குப் பாரி என்று பெயர் வைக்க ஆசை, ஆனால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தாய். அகராதியைத் திறந்து பார்த்துப் பதறிவிடாதே. பாரி என்றால் மனைவி என்று போட்டிருக்கும்! அது வடமொழி 'பார்யா' தேய்ந்து வந்த வேறு சொல். 'பார்' என்றால் உலகம், ஆகவே பாரி உலகை ஆள்பவன் என்பாரும் உண்டு. பெயருக்குப் பிறகு அளவெடுத்துத் தைத்த சட்டை அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என்னைக் கேட்டால், இந்தப் பெயருக்குப் பொருள் அந்த ஆள்தான். பறம்புமலைத் தலைவன், முல்லைக்குத் தேர் கொடுத்தவன் என்பதெல்லாம் உனக்கே தெரியும். எனக்குப் பிடித்தது புறநானூற்று 107ஆம் பாட்டு, நாலே வரி. எல்லாரும் பாரி பாரி என்று ஒருவனையே புகழ்கிறார்களே, உலகைக் காக்க மாரியும்தான் இருக்கிறது என்கிறார் கபிலர். குறை சொல்வதுபோல ஆரம்பித்து, நண்பனை மழைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். பல நூற்றாண்டு கழித்து சுந்தரர் திருப்புகலூரில், கொடுக்காதவனைப் 'பாரியே' என்று அழைத்தாலும் கொடுக்கமாட்டான் என்று பாடுகிறார். அதற்குள் பெயரே வள்ளல் என்று ஆகிவிட்டது, பார்.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு சங்கப் பெயர்களுக்கு மவுசு கூடியது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனது அந்தக் காற்றில்தான். நான் பார்த்தவரை செழியன், இளங்கோ அளவுக்குப் பாரி பரவவில்லை. பாரிவள்ளல், பாரிவேந்தன் என்று வால் சேர்த்து வைப்பார்கள். வேண்டாம், இரண்டெழுத்தே அழகு.

ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் இரண்டு 'ஏ' போடு. ஒன்றோடு விட்டால் 'பரி' என்று படிப்பார்கள். நமக்கு அது குதிரை, இந்திக்காரர்களுக்கு தேவதை. சென்னையில் படித்தால் பாரிமுனை என்று கேலி வரும். அந்தப் பாரி, வேல்ஸ் நாட்டு வியாபாரி தாமஸ் பாரி. 'ஹாரியின் மகன்' என்பது வேல்ஸ் மொழியில் சுருங்கிப் பாரி ஆனது. நம்மவனுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

சரி, மூவேந்தரிடம் மாண்டவன் பெயர் எதற்கு என்று அம்மா முகம் சுளிக்கிறார் என்றாயே. முற்றுகையிட்ட அந்த மூவரிடமும் கபிலர் சொன்னதைச் சொல்லு: போரிட்டு வாங்க முடியாது, ஆடிப் பாடிக்கொண்டு போனால் நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். அதற்கு மேலும் அம்மா மறுத்தால் போனை என்னிடம் கொடு.

அன்புடன்,
அண்ணன்