பின்புற ஸ்பீக்கர் உரக்க ஒலிப்பது சரவுண்ட் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னால் மூன்று ஸ்பீக்கர், கேட்பவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர் எனக் கொண்ட 5.1 ஒலியமைப்பை வீட்டில் நிறுவுவது குறித்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அறையின் அளவுக்கு ஏற்ற ஸ்பீக்கரைத் தேர்வது, ஒயர்களைச் சுவரோரமாகக் கொண்டுசெல்வது, ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் ரிசீவருக்குக் காற்றோட்டம் கிடைக்கும்படி இடம் விடுவது ஆகியவற்றைப் பொறுமையாக விளக்கிய அக்கட்டுரை, ஸ்பீக்கர்களின் ஒலி அளவைச் சமன்செய்வது என்ற இடத்துக்கு வந்ததும் ஒரே வரியில் முடித்துக்கொண்டது. பின்னாலிருந்து வரும் ஒலி எப்போதும் தெளிவாகக் கேட்கும் வரை சரவுண்ட் அளவைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதே அந்த வரி. வாங்குவதற்கு முன் செய்யவேண்டியவை அனைத்தையும் சரியாகச் செய்த வாசகரும் இந்த ஒரு வரியைப் பின்பற்றினால் அத்தனை பயனையும் இழந்துவிடுவார் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு படத்துக்கான ஒலியைக் கலப்பவர் சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கு எதை அனுப்புகிறார் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். வசனம் பெரும்பாலும் நடுவிலுள்ள சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இசையும் திரையில் தெரியும் செயல்களின் ஓசையும் முன்புற ஸ்பீக்கர்கள் மூன்றிலும் பரவுகின்றன. மழை, காற்று, கூட்டத்தின் இரைச்சல், பெரிய மண்டபத்தின் எதிரொலி, எப்போதாவது தலைக்குப் பின்னாலிருந்து முன்னே கடந்துபோகும் ஒரு வாகனம் ஆகியவைதான் சரவுண்டுக்குரியவை. இரண்டு பேர் மூடிய அறையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின்புற ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய மௌனமாகவே இருக்கும். அது பழுதன்று, அந்தக் காட்சிக்கு அவ்வளவுதான் தேவை என்று அவர் எடுத்த முடிவு. அத்தகைய காட்சி ஓடும்போது "பின்னால் ஒன்றுமே கேட்கவில்லையே" என்று ரிமோட்டை எடுத்துக் கூட்டுகிறவர், அடுத்து மழைக் காட்சி வரும்போது முன்னால் பேசுவோரின் குரல் அதில் மூழ்கிப்போவதைக் காண்பார். ஆகவே படத்தை ஓடவிட்டு அளவைத் தீர்மானிக்கும் முறையே அடிப்படையில் தவறானது. எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒரே அளவிலான ஒலியை அனுப்பி, அது கேட்பவரின் இருக்கையில் எந்த அளவில் வந்துசேர்கிறது என்று பார்ப்பதே சரியான முறை.

ரிசீவரின் மெனுவில் எல்லாச் சேனல்களையும், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரிய ஒலித்தடத்தின் அளவையும், சுழியத்தில் வைத்துவிட்டால் சமமாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. ஸ்பீக்கர்களின் உணர்திறன் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே மின்னழுத்தம் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் ஒன்று 86 டெசிபலும் இன்னொன்று 90 டெசிபலும் தரக்கூடும். தொலைவு இன்னும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலிமட்டம் 6 டெசிபல் குறையும். நான்கு சுவர்களுக்குள் எதிரொலிப்பும் சேர்வதால் அந்தக் குறைவு சற்று மட்டுப்படும், ஆனால் மறைந்துவிடாது. வழக்கமான வீட்டு அறையில் முன்புற ஸ்பீக்கர்கள் மூன்று மீட்டருக்கு அப்பாலும், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் சோபாவுக்குப் பக்கத்தில் ஒன்றரை மீட்டருக்குள்ளும் அமைகின்றன. அதாவது எதையும் தொடாமல் விட்டாலே பின்புறம் ஓங்கி ஒலிக்கும் நிலையில்தான் பல வீடுகள் இருக்கின்றன. அதற்கு மேலும் கூட்டச் சொல்வதை எப்படி ஏற்பது?

அளக்கும் முறை கடினமானதன்று. ஏறத்தாழ எல்லா ரிசீவர்களிலும் டெஸ்ட் டோன் என்ற வசதி உண்டு. அதை இயக்கினால் அருவி ஓசையைப் போன்ற ஓர் இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாறி மாறி வரும். ஒலிமட்டம் அளக்கும் மீட்டர் ஒன்றை வழக்கமாக உட்காரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில், முடிந்தால் ஒரு முக்காலியின் மேல் பொருத்தி, அதன் மைக் கூரையைப் பார்க்கும்படி வைக்கவேண்டும். மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் அமர்வதைத் தவிர்ப்பது நல்லது. நம் உடலே ஒலியைத் தடுக்கவும் திருப்பவும் செய்யும். மீட்டரில், தாழ்ந்த ஒலிகளையும் ஏறக்குறைய முழுமையாகக் கணக்கில் எடுக்கும் சி என்ற எடையிடலையும் மெதுவான வாசிப்பையும் தேர்ந்துகொண்டு, முதலில் முன் இடது ஸ்பீக்கர் 75 டெசிபல் காட்டும் அளவுக்கு முதன்மை ஒலியளவை வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடாமல் மற்ற ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அதே 75-ஐக் காட்டும்படி மெனுவில் அவற்றின் அளவை மட்டும் கூட்டியோ குறைத்தோ வரவேண்டும். அந்த நேரத்தில் மின்விசிறியும் குளிர்சாதனமும் நின்றிருக்கட்டும். மீட்டர் இல்லாதவர்கள் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தலாம். அது காட்டும் எண் உண்மையான 75 டெசிபலாக இல்லாமற் போகலாம். ஆனால் இங்கே நமக்கு வேண்டியது ஸ்பீக்கர்களுக்கிடையிலான வேறுபாடுதானே தவிர எண்ணின் துல்லியமன்று. சப்வூஃபருக்கு மட்டும் கைப்பேசியை நம்பவேண்டாம். தாழ்ந்த அதிர்வெண்களை அதன் சிறிய மைக் சரியாகப் பிடிப்பதில்லை.

திரையரங்கில் சரவுண்ட் வேறு அளவில் அல்லவா வைக்கப்படுகிறது என்று விவரம் அறிந்த வாசகர் கேட்கக்கூடும். உண்மைதான். திரைப்படத்துக்கான 5.1 அரங்கில் முன்புறச் சேனல் ஒவ்வொன்றும் 85 டெசிபலுக்கும், இடது வலது சரவுண்ட் வரிசை ஒவ்வொன்றும் 82 டெசிபலுக்கும் அமைக்கப்படுகின்றன. வீட்டில் அப்படியன்று; எல்லாச் சேனல்களும் சமம் என்பதே விதி, வீட்டு வெளியீட்டுக்கு ஒலியைத் தயாரிக்கும்போது அந்த 3 டெசிபல் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். எனவே அரங்கின் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அரங்கிலும்கூடச் சரவுண்டை முன்புறத்தைவிட ஓங்க விடுவதில்லை.

அளவைச் சமன்செய்யும் முன் தொலைவைச் சரியாகப் பதிவுசெய்திருக்கவேண்டும் என்பதையும் கட்டுரை சொல்லாமல் விட்டது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகிறது. சரவுண்ட் ஸ்பீக்கர் முன்புற ஸ்பீக்கரைவிட இரண்டு மீட்டர் நெருக்கமாக இருந்தால் அதன் ஒலி சுமார் 6 மில்லி விநாடி முந்திக்கொண்டு வரும். ஒரே ஒலி இரண்டு திசைகளிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையிலிருந்தே அது பிறந்ததாக நம் காது எடுத்துக்கொள்கிறது என்பதையும், பின்னால் வருவது ஓரளவு உரத்திருந்தாலும் அந்த உணர்வு மாறுவதில்லை என்பதையும் ஹெல்முட் ஹாஸ் 1949-ஆம் ஆண்டிலேயே தம் ஆய்வில் காட்டியிருக்கிறார். இரு புறமும் பொதுவாக ஒலிக்கும் இசையோ எதிரொலியோ பின்னுக்கு இழுக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ரிசீவரின் மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தொலைவையும் அளவுநாடாவால் அளந்து பதிவுசெய்தால், அருகிலுள்ளவற்றை ரிசீவர் அதற்கேற்பத் தாமதப்படுத்திவிடும். இதைச் செய்யாமல் அளவை மட்டும் குறைத்துக்கொண்டே போவோருக்கு, எவ்வளவு குறைத்தாலும் ஏதோ பொருந்தாத உணர்வு நீடிக்கும்.

ஸ்பீக்கர் இருக்கும் இடமும் இதோடு சேர்ந்ததே. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ் 775 பரிந்துரை, நேர் முன்புறத்தைச் சுழியமாகக் கொண்டு, முன் இடது வலது ஸ்பீக்கர்களை 30 பாகையிலும் சரவுண்ட் ஸ்பீக்கர்களை 100 முதல் 120 பாகைக்குள்ளும் வைக்கச் சொல்கிறது. அதாவது அவை முதுகுக்கு நேர் பின்னால் அல்ல, தோளுக்குச் சற்றுப் பின்னால் இரு பக்கங்களிலும் இருக்கவேண்டியவை. சோபா சுவரோடு ஒட்டியிருக்கும் வீடுகளில் இந்தக் கோணம் எளிதில் கிடைப்பதில்லை. அங்கே பக்கச் சுவர்களில், உட்கார்ந்தவரின் காதுக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஸ்பீக்கரை மாட்டி, அதை அருகிலிருப்பவரை நோக்கித் திருப்பாமல் எதிர்முனையில் இருப்பவரை நோக்கித் திருப்பினால், பக்கத்து இருக்கையில் அமர்பவரின் காதில் ஒரே ஸ்பீக்கர் விடாமல் ஒலிப்பது பெருமளவு குறையும். மூவர் அமரும் சோபாவில் ஓரத்து இருக்கைக்காரரின் நலனைப் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. நடு இருக்கையில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துபோகாமல், ஓரத்திலும் ஒருமுறை அமர்ந்து கேட்டு, தேவைப்பட்டால் சரவுண்டை ஒரு டெசிபல் குறைத்துக்கொள்வது மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பேன்.

வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் குறை, சண்டைக் காட்சி காதைப் பிளக்கிறது, பேச்சு மட்டும் புரியவில்லை என்பதுதான். படத்தையும் நடிகரின் உச்சரிப்பையும் குறைசொல்லும் முன் சென்டர் ஸ்பீக்கரை அளந்து பார்க்கவேண்டும். சரவுண்டையும் முன் இடது வலது ஸ்பீக்கர்களையும் கூட்டிக்கொண்டே போன வீட்டில், ஒப்பீட்டில் சென்டர் தாழ்ந்துதான் கிடக்கும். அதைச் சமநிலைக்குக் கொண்டுவந்ததுமே முதன்மை ஒலியளவைக் குறைத்து வைத்தும் வசனம் விளங்குவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கேட்கும் திறன் சற்றுக் குறைந்த முதியவர்கள் உள்ள வீட்டில் சென்டரை மேலும் 2 டெசிபல் கூட்டி வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. இலக்கணத்தைவிட வீட்டுப் பெரியவருக்குக் கதை புரிவது முக்கியம்.

மைக் ஒன்றைக் கொடுத்துத் தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும் ரிசீவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவை பெரும்பாலும் நம்பத்தக்கவை. அந்த மைக்கைச் சோபாவின் முதுகில் சாய்த்து வைக்காமல், காது உயரத்தில் திறந்த இடத்தில் வைத்தால் நல்ல முடிவையே தருகின்றன. ஆயினும் இரவில் ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது சரவுண்ட் மட்டும் ஓங்கித் தெரிகிறது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலி தாழத் தாழ, தாழ்ந்த அதிர்வெண்களை நம் காது விகிதத்துக்கு மீறி இழக்கிறது என்பது ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933-இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே தெரிந்த செய்தி. இதை ஈடுகட்டச் சில ரிசீவர்கள், குறைந்த ஒலியளவில் தாழ்ந்த அதிர்வெண்களை உயர்த்துவதோடு சரவுண்டையும் தாமாகவே கூட்டிவிடுகின்றன. பொறியாளர்களின் நோக்கம் நல்லதே. ஆனால் சரவுண்ட் காதருகே இருக்கும் சிறிய அறைகளில் அது மிகையாகிவிடுகிறது. அந்த அமைப்பை நிறுத்திவிட்டு ஒருமுறை கேட்டுப் பார்த்தால் எது தேவை என்று தெரிந்துவிடும்.

அளந்து முடித்தபின் காதுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது சிறிய இடம். ஒரு டெசிபல் மாற்றத்தைப் பலர் உணர்வதே கடினம், 10 டெசிபல் கூடினால் ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்றும் என்ற அளவை மனத்தில் வைத்துக்கொண்டால், அளந்த நிலையிலிருந்து இரண்டு டெசிபலுக்கு மேல் விலகவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. அதற்கு மேல் விலகவேண்டும் என்று தோன்றினால் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தையோ ஒயர் இணைப்பையோ ஐயப்படவேண்டும். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தால் ஒலி எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாமல் கலங்கும். அதை எந்த அளவு மாற்றமும் குணப்படுத்தாது. சரவுண்ட் சரியான அளவில் இருக்கிறதா என்று அறிய நான் மற்றவர்களுக்குச் சொல்லும் சோதனை இதுதான்: மழையோ கூட்டமோ உள்ள காட்சியை ஓடவிட்டு, பாதியில் சரவுண்ட் ஸ்பீக்கர்களை மட்டும் நிறுத்துங்கள். அறை திடீரென்று சுருங்கியதுபோல் தோன்றினால் அளவு சரி. நிறுத்தியதும் நிம்மதியாக இருந்தால் அளவு மிகை. ஒலிக்கும்போது தலை அடிக்கடி பின்னால் திரும்பினாலும் மிகைதான்.

பாட்டுக் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். இரண்டு சேனல்களில் பதிவான பாடலை எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒரே மாதிரி ஒலிக்கச் செய்யும் முறை ஒன்று பெரும்பாலான ரிசீவர்களில் இருக்கிறது. பல அறைகளுக்கும் கேட்கவேண்டிய விழா நாளுக்கு அது பயன்படும். அமர்ந்து கேட்பதற்கு உகந்ததன்று. பாடுபவர் முன்னால் நிற்கும் உணர்வு அதில் கலைந்துபோகிறது. அந்த முறையில் சரவுண்ட் உரக்கக் கேட்கிறதே என்று அதைக் குறைத்து வைத்துவிட்டு, பிறகு படம் பார்க்கும்போது சரவுண்ட் போதவில்லை என்று மறுபடி கூட்டுவோர் பலர். பாடலுக்கு இரண்டு சேனல் முறையையே தேர்ந்துகொண்டால் இந்தக் குழப்பம் எழவே எழாது, அளந்து வைத்த எண்களும் கலையாமல் இருக்கும்.

தங்கள் வார இணைப்பு அடுத்து இந்தப் பொருளைத் தொடும்போது, வாட் கணக்கையும் ஸ்பீக்கர் எண்ணிக்கையையும் ஒப்பிடும் பட்டியலுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது அளந்து சமன்செய்யும் முறைக்கு, படத்துடன் கூடிய விளக்கமாக ஒதுக்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். முன்பு வெளியான அந்த ஒரு வரிக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டால், அதைப் படித்து ஏற்கெனவே சரவுண்டைக் கூட்டி வைத்திருக்கும் வாசகர்கள் பயனடைவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்