மொட்டைமாடிக் கரியடுப்பும் ஒற்றைப் படிக்கட்டும்

பெறுநர்: தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இயக்குநர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்கள்.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, என் அக்கா மகளின் பிறந்தநாளுக்காக, சென்னையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் நடக்கும் கிரில் பஃபே உணவகத்துக்கு நாங்கள் ஏழு பேர் சென்றிருந்தோம். அந்த உணவகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கடையின் மீது புகார் கொடுப்பது என் நோக்கமன்று. அங்கே நான் கண்டவை வேறு மொட்டைமாடிகளிலும் இருக்கக்கூடியவை என்பதாலேயே தனிப் புகாராக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சாப்பாடு மிக நன்றாக இருந்தது. மேசையின் நடுவே வெட்டியிருந்த குழியில், கனிந்த கரி நிறைந்த இரும்புத் தொட்டி ஒன்றைப் பணியாளர் இடுக்கியால் பிடித்து இறக்கி வைத்தார். அதன்மேல் பனீர், காளான், கோழி, இறால் என்று கம்பி கம்பியாக வந்து அடுக்கப்பட்டன. மேசையில் நட்டிருந்த சிறு கொடி நிமிர்ந்து நிற்கும் வரை கம்பிகள் வந்துகொண்டே இருக்கும். போதும் என்றால் கொடியைச் சாய்த்து வைக்க வேண்டும். எழுபத்து நான்கு வயதான என் அப்பா சைவம். மிளகாய்த்தூள் தடவிச் சுட்ட அன்னாசித் துண்டை அவர் நான்கு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முன்னதாக வரும் தீனிகளிலேயே வயிற்றை நிரப்பி, பிரியாணிப் பக்கம் யாரையும் போகவிடாமல் செய்யும் சூட்சுமம் எங்களிடமும் பலித்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

எட்டரை மணியளவில் கடற்காற்று கொஞ்சம் பலமாக வீசியது. பக்கத்து மேசைத் தொட்டியிலிருந்து இரண்டு மூன்று பொறிகள் எழும்பி, எங்கள் தலைக்கு மேலே போய் அணைந்தன. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே இருந்தது கீற்று. கிராமத்துச் சூழல் வேண்டும் என்பதற்காக மூங்கில் சட்டங்களில் வேய்ந்த தென்னங்கீற்றும், அதன் கீழே தொங்கவிட்ட துணிகளும் பிளாஸ்டிக் பூச்சரங்களும், தரையில் செயற்கைப் புல்லும் இருந்தன. இவற்றுக்கு நடுவே, என் கணக்கில், இருபதுக்கும் மேற்பட்ட மேசைகளில் திறந்த நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. போதாக்குறைக்குப் பிறந்தநாள் கேக்கின் மேல் மத்தாப்பு போல் சீறும் மெழுகுவர்த்தி ஒன்றையும் ஏற்றினார்கள், நாங்களும்தான் கைதட்டினோம்.

திரும்பும்போது மின்தூக்கிக்கு நீண்ட வரிசை நின்றது. ஆறு பேர் மட்டுமே ஏறக்கூடிய மின்தூக்கி அது. அப்பாவைக் கைப்பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினேன். எதிரே ஒருவர் ஏறி வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். நான்காம் மாடித் திருப்பத்தில் எண்ணெய் டின்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகளும், அவற்றுக்குப் பக்கத்திலேயே வணிகப் பயன்பாட்டு எரிவாயு உருளைகள் இரண்டும் இருந்தன. மாடியின் மறுகோடியில் இன்னொரு கதவு இருந்ததைச் சாப்பிடும்போதே பார்த்திருந்தேன். அதில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். பணம் கொடுக்காமல் யாரும் இறங்கிப் போய்விடக் கூடாது என்பதற்காக இருக்கலாம்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் நடந்ததைத் தங்கள் துறைகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையலறை நெருப்பு பள்ளியின் கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. பாடம் படிக்கும் குழந்தையின் தலைக்கு மேல் ஆகாது என்று நாம் அகற்றிய அதே கீற்றை, அலங்காரம் என்ற பெயரில், கரியடுப்புக்கு நேர் மேலே கொண்டுவந்து கட்டியிருக்கிறோம்.

மும்பையிலும் இதே கதைதான். 2017 டிசம்பர் 29 நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கமலா மில்ஸ் வளாகத்தின் மொட்டைமாடி விடுதிகளில் பரவிய தீயில் 14 பேர் இறந்தனர். கனிந்த கரி வைத்துப் புகைக்கும் ஹூக்காவிலிருந்து பறந்த கரிப்பொறியே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரியவந்தது. வெளியேறும் வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கியவர்களே பெரும்பாலும் மூச்சுத் திணறி மாண்டார்கள். திறந்தவெளி என்பதால் மொட்டைமாடி பாதுகாப்பானது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், கீழே எந்த மாடியில் தீப்பிடித்தாலும் மேல்மாடிக்காரர்கள் உயிர் தப்ப ஏறி வந்து நிற்கும் கடைசி இடம் அது. அந்த இடத்தை மேசைகளால் நிரப்பினால், அங்கே சாப்பிடுபவர்களோடு சேர்ந்து கட்டடத்தில் இருக்கும் மற்றவர்களும் ஆபத்துக்குள்ளாகிறார்கள்.

கரியைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். மேசையிலிருந்து எடுத்துச் செல்லும் தொட்டிகளில் மேலே சாம்பல் படிந்திருந்தாலும் உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கடை மூடும் அவசரத்தில் அது பிளாஸ்டிக் குப்பைத் தொட்டிக்குப் போகிறதா, மூடியுள்ள இரும்புக் கலனுக்குப் போகிறதா என்று எந்த ஆய்வாளராவது பார்த்ததுண்டா? மற்றொன்று மழைக்காலம் பற்றியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சாரல் அடிக்காமல் இருக்க நாலாபுறமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரைகளை இறக்கிக் கட்டுகிறார்கள். அப்போது அது மொட்டைமாடியாக இருப்பதில்லை, மூடிய அறையாகிவிடுகிறது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால், அதிகம் சாப்பிட்டுவிட்டோம் என்றுதான் பஃபேவுக்கு வந்தவர் நினைத்துக்கொள்வார்.

இவ்வளவும் சொன்னதால், இத்தகைய உணவகங்களை இழுத்து மூடச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். 2025 ஏப்ரல் 29 அன்று கொல்கத்தா தங்கும் விடுதி ஒன்றில் 14 பேர் தீ விபத்தில் இறந்தபின், அந்நகர மாநகராட்சி மொட்டைமாடி உணவகங்கள் எல்லாவற்றையும் மூடும்படி ஆணையிட்டது. விபத்து நடக்கும்வரை கண்டுகொள்ளாமல் இருப்பதும், நடந்தபின் ஒட்டுமொத்தமாகப் பூட்டுவதும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்குக் கம்பி கம்பியாகக் கொண்டுவந்து வைத்த இளைஞர்களின் சம்பளமும் அந்தப் பூட்டுக்குள் அடைபட்டுவிடும்.

நான் கேட்பது, மொட்டைமாடியில் நெருப்பு வைத்துப் பரிமாறும் உணவகத்தைத் தரைத்தள உணவகத்தைப் போலவே கருதி உரிமம் வழங்காமல், அதற்கென்று தனி விதி வகுக்க வேண்டும் என்பதுதான். திறந்த கரி வேண்டுமானால் மேலே எரியாத கூரையோ வெறும் வானமோ இருக்கட்டும். கீற்றும் துணியும் வேண்டுமானால் மின்சாரக் கிரில்லை வைத்துக்கொள்ளட்டும். எத்தனை பேரை உட்கார வைக்கலாம் என்பதைத் தரையின் சதுர அடியை வைத்து முடிவு செய்யாமல், எத்தனை பேர் அந்தப் படிக்கட்டு வழியே விரைவில் இறங்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். படிக்கட்டு ஒன்றுதான் என்றால் அந்த மாடிக்குக் கரியடுப்பு அனுமதியே கூடாது. இரண்டாவது வழி இருந்தால், உணவகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் அது பூட்டில்லாமல் இருக்க வேண்டும்.

இன்று உணவகத்தின் ரசீதில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. ஆனால் அந்த மாடி எத்தனை பேரைத் தாங்கும், தீயணைப்புத் துறை கடைசியாக எப்போது பார்வையிட்டது என்பதை அறிய வாடிக்கையாளருக்கு வழியில்லை. இவ்விரண்டையும் தமிழில், மின்தூக்கி வாசலில் கண்ணில் படும் பலகையில் எழுதி வைக்கச் செய்யுங்கள். ஏறுவதா வேண்டாமா என்பதை அதைப் படித்து நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

ஆய்வு பற்றியும் ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனால் எந்த மாடியும் ஒழுங்காகத்தான் இருக்கும். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, மேசைகள் எல்லாம் நிரம்பி, அடுப்புகள் எல்லாம் கனன்று, வாசலில் அடுத்த பந்திக்காரர்கள் காத்திருக்கும்போது அதிகாரி ஒருவர் வரட்டும். மின்தூக்கியில் ஏறாமல், படிக்கட்டு வழியாகவே வரட்டும். உயர்ந்த மாடிகளிலிருந்து ஆட்களை மீட்கும் தீயணைப்புத் துறையின் ஸ்கைலிஃப்ட் வண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்து நிற்க இடமிருக்கிறதா என்பதையும், இரு பக்கமும் வாடிக்கையாளர்களின் கார்கள் நிற்கும் அந்த நேரத்திலேயே பார்க்கட்டும்.

அப்பாவுக்கு வரும் தை மாதத்தில் எழுபத்தைந்து நிறைகிறது. எங்கே சாப்பிடலாம் என்று கேட்டதற்கு, அந்த அன்னாசி கிடைக்கும் இடத்துக்கே போகலாம் என்கிறார். இறங்கும்போது அவர் ஒவ்வொரு படியிலும் இரு காலையும் ஊன்றித்தான் இறங்கினார். ஐந்து மாடிக்கும் எங்களுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்