உடம்பு தேற மளிகைக்கடையே போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “எவ்வளவு சாப்பிட்டாலும் பையனுக்கு உடம்பில் ஒட்ட மாட்டேங்குது.” சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் வாயில் அன்றாடம் வரும் பேச்சு இது. அடுத்த கேள்வி, எடை கூட்டும் மாவு எதை வாங்கலாம் என்பது. 200 வெள்ளிக்கு மேல் விலை போட்ட பெரிய பையைக் கடன் சொல்லியாவது வாங்கித் தரத் தயாராக இருக்கிறார்கள். அந்தப் பணத்தை மளிகைக்கடையிலும் காலைச் சந்தையிலும் செலவழித்தாலே உடம்பு தேறும், கையில் மிச்சமும் இருக்கும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதும் உணவுக் கணக்கு போட்டுக்கொடுப்பதும் எங்கள் வேலை.

ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு குறைவதுதான். “நான் நிறையச் சாப்பிடுகிறேன்” என்று சொல்லும் பையன், வாயில் போட்டதையெல்லாம் மூன்று நாள் எழுதிப் பார்க்கட்டும். காலையில் தே ஓவும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் தட்டு நிறையச் சோறு. சாயங்காலம் ஒரு ரொட்டி சானாய். இரவு வேலை முடிந்து களைப்பில் அரைத் தட்டு மீ கோரெங். வயிறு முட்டத் தின்ற அந்த ஒரு வேளைதான் அவனுக்கு நினைவில் நிற்கிறது, விட்டுப்போன காலைச் சாப்பாடு நிற்பதில்லை. கூட்டிப் பார்த்தால் பல நாள்களில் 1,800 கலோரியைக்கூடத் தொடாது. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கோ 12 மணி நேர ஷிப்டில் நிற்கிறவருக்கோ இருக்கிற எடையைக் காப்பாற்றக்கூட அது பற்றாது.

கணக்கு எளிது. உடல் எடையைக் கிலோவில் எடுத்து 40ஆல் பெருக்குங்கள். ஓரளவு நடமாட்டமுள்ள இளைஞருக்கு எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டிய கலோரி ஏறக்குறைய அதுதான். தோட்டத்தில் உடல் உழைப்பு அதிகமென்றால் 45 அல்லது 50ஆல் பெருக்க வேண்டும். அதன்மேல் 300 முதல் 500 கலோரி சேர்த்தால் தசை வளர இடம் கிடைக்கும். 55 கிலோ பையனுக்கு 2,200, மேலே 400, ஆக 2,600. புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், அவனுக்கு நாளுக்குச் சுமார் 90 கிராம். இதை ஒரே வேளையில் கோழியாக அடைப்பதைவிட நான்கு வேளைக்கு 20 முதல் 30 கிராமாகப் பிரிப்பது நல்லது. பசியும் ஒத்துழைக்கும்.

இது தட்டில் எப்படி இருக்கும்? காலையில் மூன்று தோசை, கெட்டியான பருப்பு சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு முட்டை. இதிலேயே 700 கலோரிக்குப் பக்கம் வந்துவிடும், புரதமும் 28 கிராம் இருக்கும். பத்து மணி வாக்கில் 40 கிராம் முழுக்கொழுப்புப் பால்மாவு கரைத்த ஒரு குவளை பால், ஒரு பெராங்கான் வாழைப்பழம், ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த நிலக்கடலை. புந்தோங் கச்சாங் பூத்தே கடலையானாலும் சரி, உப்பு குறைந்ததாக இருக்கட்டும். மதியம் சோறு இரண்டு கிண்ணம், பெரிய கெம்போங் மீன் ஒன்று, பருப்புக் கறி, தேங்காய் போட்ட பொரியல். மாலை பயிற்சிக்கு முன் இரண்டு துண்டு ரொட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கடலை வெண்ணெய். இரவு ஒரு கிண்ணம் சோறு, 100 கிராம் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) பொரித்தது, கீரை. மொத்தம் 2,600 முதல் 2,700 கலோரி, புரதம் 100 கிராமுக்குச் சற்று மேல். இதில் சந்தையில் கிடைக்காதது ஒன்றும் இல்லை.

கிண்ணம் என்று சொன்னால் ஆளுக்கொரு கிண்ணம் வரும். சமைத்த சோறு 150 கிராம், சுமார் 200 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கருடன் வரும் கப் 180 மில்லி, அதில் தலை தட்டிய அரிசி 150 கிராம். வெந்தால் இரண்டு கிண்ணத்துக்கு மேல் வரும், 530 கலோரி ஆகும். வீட்டுக்கே சேர்த்து ஆக்கும்போது பையனின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் அளந்து வைக்கலாம். முதல் இரண்டு வாரம் அளந்தால் போதும், பிறகு கண்ணே அளந்துவிடும்.

இந்த அளவு சாப்பிடவே முடியாமல் வயிறு மறுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குக் குடிக்கும் உணவுதான் வழி. முழுக்கொழுப்புப் பால்மாவு 40 கிராம் (தலை தட்டிய ஐந்து மேசைக்கரண்டி), ஓட்ஸ் 40 கிராம், நடுத்தர வாழைப்பழம் இரண்டு, வறுத்த நிலக்கடலை 30 கிராம், தண்ணீர் 350 மில்லி. இந்த ஒரு குவளையில் 700 கலோரியும் 24 கிராம் புரதமும் இருக்கின்றன. செய்யும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். கடலையை முதலில் தனியாக, ஈரமில்லாமல் பொடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தால் கடலை பல்லில் மாட்டும், பையன் இரண்டாம் நாள் தொட மாட்டான். ஓட்ஸைப் பத்து நிமிடம் ஊறவைத்து அரைத்தால் தொண்டையில் உரசாது. அரைத்ததை ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும், நம் வெயிலில் பால் கலந்தது சீக்கிரம் புளித்துவிடும். சாப்பாட்டுக்குச் சற்று முன் குடித்தால் வயிறு நிரம்பிச் சோறு இறங்காது, ஆகவே இரண்டு வேளைக்கு நடுவில் குடிக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கப் போகும் முன். பால் குடித்து வயிறு உப்பி, பேதியானால் அது பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாததால். நம்மவர்களில் அது அதிகம். அப்படியானால் இனிப்புச் சேர்க்காத சோயாப் பாலுக்கோ தயிருக்கோ மாறுங்கள்.

கடலையை மட்டும் பார்த்து வாங்குங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் அது பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையில் வரும் அஃப்லாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவானாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கால் கிலோவாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும்.

இனி அந்த விலையுயர்ந்த பை. முன்பக்கம் பெரிய எழுத்தில் “1,000 கலோரி” என்று இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு பரிமாறல் 250, 300 கிராம் என்று போட்டிருக்கும், அப்படியென்றால் 3 கிலோ பை பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்தை உடைத்துச் செய்த தூள். இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியது. அதில் விஷம் இல்லை, ஆனால் அந்த விலைக்கு அதில் பொருளும் இல்லை. பையன் சும்மா குடித்துக்கொண்டே ஜிம்மில் எடையை ஏற்றாமல் இருந்தால், வந்த கலோரி தோளுக்குப் போகாது, இடுப்புக்குப் போகும்.

முட்டை பற்றிப் பழைய தவறு ஒன்று இன்னும் இருக்கிறது. பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பது. பச்சையாகக் குடித்தால் அதன் புரதத்தில் பாதியளவுதான் உடம்பு எடுத்துக்கொள்கிறது, வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது. சால்மொனெல்லா கிருமி தொற்றும் ஆபத்தும் பச்சை முட்டையில் உண்டு. மஞ்சள் கருவை எறிவதும் வீண். ஒரு முட்டையின் 6 கிராம் புரதத்தில் ஏறக்குறைய 2.7 கிராம் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது, எடை ஏற வேண்டியவருக்குத் தேவையான கொழுப்பும் அதில்தான்.

புரட்டாசி வந்தால் பல பிள்ளைகளின் எடை இறங்குகிறது. மீனும் முட்டையும் நின்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் சோறும் ரசமும் வருவதால்தான் இது. இரண்டு முட்டையும் ஒரு மீனும் தந்த 28 கிராம் புரதத்தை 150 கிராம் தெம்பே தந்துவிடும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம், வேகவைக்காத பருப்பு 50 கிராமில் 12 கிராம். விரதத்தை மதித்துக்கொண்டே தசையையும் காக்கலாம். பருப்பை மட்டும் தண்ணீராக்காதீர்கள். தெளிந்த சாம்பார் நாலு கரண்டி ஊற்றினாலும் அதில் பருப்பு ஒரு கரண்டிகூட இராது.

இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் காலை 7 மணிக்கு வந்து சாப்பிடாமல் படுத்து, மாலை 4 மணிக்கு எழுந்து ஒரே வேளை சாப்பிடுகிறார்கள். இவர்களுக்குத்தான் எடை ஏறுவது மிகவும் கடினம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு முட்டை, இரண்டு ரொட்டி, ஒரு குவளை பால் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். வேலைக்கு எடுத்துப் போகும் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் கறி வேண்டாம், நடுராத்திரிக்குள் கெட்டுவிடும். வறட்டிய கோழி, தெம்பே சம்பல், கடலை தாங்கும். குளிர்ப்பெட்டி இல்லாத இடத்தில் சோற்றைக் கட்டி நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நேரம் கடந்த சோற்றில் கிருமி விட்ட நச்சு, திரும்பச் சுடவைத்தாலும் போகாது.

கலோரி ஏற வேண்டும் என்று தே தாரெக்கையும் இனிப்புப் பானத்தையும் ஏற்றுவதை நாங்கள் அழுத்தமாக எதிர்க்கிறோம். கடைகளில் “சூசு” (பால்) என்று ஊற்றுவது பெரும்பாலும் இனிப்புக் கிரிமர், டின்னைப் படித்தால் தெரியும். அதில் இருப்பது சர்க்கரையும் பாமாயிலும்தான், புரதம் பெயருக்குத்தான். இரண்டு மேசைக்கரண்டியில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இனங்களில் இந்தியர்களிடமே அது மிக அதிகம். அப்பாவும் தாத்தாவும் மாத்திரை போடும் வீட்டில் பையனை இனிப்பால் பெருக்க வைப்பது, அந்த நோயை முன்கூட்டியே அழைத்து வருவது போலாகும். சுகாதார அமைச்சு சொல்லும் “சுகு-சுகு செபாரோ” தட்டு, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ, பாதிக் காய்கறியும் பழமும் என்பது, ஊரில் பெரும்பாலோருக்குச் சரியானது. எடை ஏற வேண்டிய ஒல்லிப் பிள்ளைக்கு மட்டும் சோற்றையும் மீனையும் முதலில் முடிக்கச் சொல்லிவிட்டுக் காய்கறியைப் பின்னால் கொடுங்கள். காய்கறியை நிறுத்திவிட வேண்டாம்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாக: வாரம் மூன்று நாள், குந்துதல், தரையிலிருந்து தூக்குதல், நெஞ்சுக்கும் முதுகுக்கும் தள்ளுதல் இழுத்தல். 12 முறை ஒழுங்காகத் தூக்க முடிந்ததும் 2.5 கிலோ கூட்ட வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கம்.

எடையைக் காலையில், கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடுமுன் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். முதல் வாரம் ஒரு கிலோ ஏறினால் மகிழ வேண்டாம், அதில் பெரும்பகுதி தசையில் சேரும் மாவுச்சத்தும் அதனோடு தங்கும் தண்ணீரும். பிறகு வாரத்துக்கு 150 முதல் 250 கிராம் ஏறினால் சரியான பாதை. இரண்டு வாரம் அசையவில்லை என்றால் 200 கலோரி கூட்டுங்கள், ஒரு கிண்ணம் சோறு. எடையைவிட இடுப்பு வேகமாக ஏறினால் அதே அளவு குறையுங்கள். புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு ஆரோக்கியமானவர்களிடம் இந்த அளவில் ஆதாரம் இல்லை. சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் எடை இறங்கினால் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். அடங்காத தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான் கட்டணம். சர்க்கரை, தைராய்டு, காசநோய், குடற்புழு, இவை எல்லாமே கண்டுபிடித்தால் சிகிச்சை உள்ளவை.

கடைசியாக, எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது, “பசி எடுக்கும்”, “பத்து நாளில் உடம்பு வரும்” என்று கைமாறும் மாத்திரைகளும் ஜாமு எனும் மூலிகை மருந்துகளும். இப்படிப்பட்டவற்றில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் சைப்ரோஹெப்டடீன் என்ற மருந்தும் சொல்லாமல் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. கன்னம் உப்பி முகம் வட்டமானதும் வீட்டில் “உடம்பு தேறிவிட்டது” என்கிறார்கள். அது தேறிய உடம்பு அல்ல, ஸ்டீராய்டு வீக்கம். அதே நேரத்தில் தொடையிலும் தோளிலும் தசை கரைகிறது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும். வாங்குமுன் பெட்டியில் “எம்.ஏ.எல்.” என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டினால் அது உண்மையா என்று தெரிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்து விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும், அந்த எண் “கே.கே.எல்.ஐ.யு.” என்று தொடங்கும். எடை கூட்டும் மாத்திரை விளம்பரம் எதுவும் உங்கள் பக்கத்துக்கு வந்தால், அந்த எண் இல்லாமல் அச்சேற்றாதீர்கள். எங்கள் ஊர்ப் பெற்றோர், பத்திரிகையில் வந்தது என்பதற்காகவே நம்பி வாங்குகிறார்கள்.

அன்புடன்,
உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்