ஆறு மாதம் நிற்கப்போகும் வண்டிக்கு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. அடுத்த மாதம் கப்பல் ஏறினால் திரும்ப ஆறு மாதம் ஆகும் என்று எழுதியிருந்தாய். கூடவே, பேட்டரி இறங்காமல் இருக்க, தம்பியிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒரு தடவை உன் பைக்கை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மாப்ளே. ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், பேட்டரியும் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

ஈய பேட்டரி முழுசாக ஏற மணிக்கணக்கில் ஆகும். கடைசி இருபது சதவீதம் ஏறுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். ஐடிலில் எஞ்சின் தருகிற கரண்ட் ஏற்கெனவே குறைவு. அதிலும் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. லைட், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் எடுத்தது போக மிஞ்சுவது, செல்ஃப் போட்டதில் போனதையும் அந்த வாரம் கசிந்ததையும் ஈடுகட்டினாலே பெரிது. பேட்டரி கடைசிவரை அரைகுறையாகவே நிற்கும். இன்னொரு கெடுதலும் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் அணைத்தால், உள்ளே படிந்த ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும்.

அரைகுறை சார்ஜ்தான் பேட்டரிக்கு எமன். சார்ஜ் இறங்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. சீக்கிரமே சார்ஜ் ஏற்றினால் அது மறைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் சின்னப் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி இறுகிப்போகும். அப்புறம் எந்த சார்ஜரும் அதைக் கரைக்காது, தகட்டின் அந்தப் பகுதி போனது போனதுதான். பேட்டரி கடையில் 'சல்பேஷன் ஆயிடுச்சு' என்பது இதைத்தான்.

உன் கிளாசிக் 350-இல் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர் அவர் (அது கொள்ளும் சார்ஜின் அளவு) சீல்டு பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை. தனியாகக் கழற்றி வைத்தால், 25 டிகிரி சூட்டில் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் தானாக இறங்கும். சூடு பத்து டிகிரி கூடினால் அந்த வேகம் இரட்டிப்பாகும். அதனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் வைக்காதே, வீட்டுக்குள் இருப்பதிலேயே குளிர்ச்சியான அறையில் வை. சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று அம்மா சொல்லக்கூடும். பழைய காலத்து ரப்பர் பெட்டி பேட்டரிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம், இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையால் ஒன்றும் ஆகாது.

தானாக இறங்குவதைவிட வண்டி குடிப்பதுதான் அதிகம். சாவியை எடுத்த பிறகும் மீட்டரில் ஓடும் கடிகாரமும் இசியுவும் (எஞ்சினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) சில மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். 1 மில்லி ஆம்பியர் என்றால் மாதத்துக்கு 0.72 ஆம்பியர் அவர். 3 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாலு மாதத்துக்குள் 8 ஆம்பியர் அவரும் காலி. நீ மாட்டியிருக்கிற ஜிபிஎஸ் டிராக்கர் மட்டும் 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வை, ஒரு மாதம் தாண்டினாலே கதை முடிந்தது.

உன் வண்டி எவ்வளவு இழுக்கிறது என்பதை நீயே அளந்து பார்த்துவிடு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்று. மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் டெர்மினலிலும் மற்ற முனையைக் கழற்றிய ஒயரிலும் வை. முதலில் கொஞ்சம் அதிகமாகக் காட்டும். சில நிமிடம் பொறு, அப்புறம் நிலைக்கிற எண்தான் கணக்கு. மீட்டர் இடையில் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதே, செல்ஃபைத் தொடவே தொடாதே, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஆறு மாதத்துக்கு பேட்டரியைக் கழற்றி வைப்பதே சரி. முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு. திரும்ப மாட்டும்போது முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு. வண்டியின் ஃபிரேம் முழுக்க மைனஸ். கறுப்பு மாட்டியிருக்கும்போது சிவப்பைக் கழற்றப் போய் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் நேராக ஷார்ட் ஆகும், ஸ்பேனரே பழுத்துவிடும். டெர்மினலுக்குள் இருக்கும் சின்ன சதுர நட் போல்ட்டை எடுத்ததும் கீழே நழுவிவிடும், மாட்டும்போது துளைக்கு நேராகவும் நிற்காது. நட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைத் திணித்து வைத்தால் அது மேலேயே நிற்கும். நாகர்கோவில் கடற்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து, அதில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துக் காயவிடு. வாஸ்லினை போல்ட்டை இறுக்கிய பிறகு மேலாகப் பூசினால் போதும்.

கழற்றியதும் முழு சார்ஜ் ஏற்று. பேட்டரி திறனில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் என்பது பழைய கணக்கு, உனக்கு 0.8 ஆம்பியர். பேட்டரி கடையில் கொடுத்தால் பெரிய பேட்டரிகளோடு சேர்த்து வரிசையில் மாட்டி அதிக கரண்ட் கொடுத்துவிடுவார்கள். சீல்டு பேட்டரியில் வாயுவாக வெளியே போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழி கிடையாது. பைக்குக்கென்றே விற்கும் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்கிவிடு. அது 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, நிறைந்ததும் 13.5-லிருந்து 13.8-க்குள் தானாக இறங்கி நிற்க வேண்டும். அப்படி இறங்காத பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை மறந்து விட்டுவிட்டால் பேட்டரி கொதித்து உலர்ந்துவிடும். வாங்கியதும் ஒரு சோதனை செய். சார்ஜ் ஏறும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகு. தானாக வேலையைத் தொடங்கினால் கரண்ட் போய் வந்தாலும் கவலையில்லை. சிலவற்றில் பட்டனை அமுக்கினால்தான் ஓடும், அதை வாங்காதே.

ஆறு மாதமும் பிளக்கிலேயே விட்டுவிட நல்ல சார்ஜர் இடம் கொடுக்கும். ஆனால் ஐப்பசி இடி மின்னலை நினைத்தால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மாதம் ஒரு ராத்திரி தம்பி மாட்டி எடுத்தால் போதும். அது முடிந்து ஒரு ராத்திரி சும்மா கிடந்த பிறகு மீட்டர் வைத்தால் 12.8 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.5 என்றால் சார்ஜ் போடும் நேரம் வந்தாயிற்று, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முழு சார்ஜுக்குப் பிறகும் 10.5 பக்கம் நின்றால் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, புதுசுதான்.

அப்பாவின் பழைய புல்லட்டில் இருப்பது தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி. அது இதைவிட வேகமாக இறங்கும் என்பதால் மாதம் தவறாமல் பார்க்கச் சொல். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றட்டும். ஆர்ஓ தண்ணீரும் ஆசிடும் ஆகாது. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும், பூஜை அறைப் பக்கம் வேண்டாம்.

லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு வேறு சார்ஜர் வேண்டும். ஈய பேட்டரிக்கான சார்ஜரில் சல்ஃபேட்டை உடைக்கும் பயன்முறை இருந்தால் லித்தியம் கெட்டுப்போகும். உன் உபயோகத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

திரும்பி வந்ததும் பேட்டரியை மாட்டி, செல்ஃப் போடும்போது மீட்டரைப் பார். 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த மாடலில் கிக்கர் இல்லை என்பதை மறந்துவிடாதே. பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது, பெட்ரோல் பம்பும் இசியுவும் உயிர் பெறவே கரண்ட் வேண்டும்.

தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லி வை. மாதம் முதல் ஞாயிறு பேட்டரியில் மீட்டரை வைத்து போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பட்டும். நான் பார்த்துச் சொல்கிறேன். டிராக்கர் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்ததும் எழுது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி