வாட்ச் கெட்டுப்போகவில்லை, பேட்டரிதான் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய கைக்கடிகாரங்களைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் குவார்ட்ஸ் வருவதற்கு முந்தைய பேட்டரி வாட்ச்களை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாமே தவிர, அவற்றை நம்பி நேரம் பார்க்க முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். என் கையில் இருப்பது அந்த ரகம்தான். நேரம் பார்க்கத்தான் கட்டியிருக்கிறேன்.

இது என் தாய்மாமாவுடையது. அவர் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். அந்த வேலைக்கு நேரம் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு மணியிலும் 15ஆவது நிமிடத்திலும் 45ஆவது நிமிடத்திலும் தொடங்கி மும்மூன்று நிமிடம், 500 கிலோஹெர்ட்ஸ் என்ற ஆபத்து அழைப்பு அலைவரிசையில் எந்தக் கப்பலும் செய்தி அனுப்பக் கூடாது என்பது அன்றைய விதி. ஆபத்தில் சிக்கியவர்களின் அழைப்பு மட்டும் கேட்க வேண்டும் என்பதற்காக அந்த மௌனம். மாமா கட்டியிருந்தது புலோவா அக்யூட்ரான். பின்மூடியில் எம்6 என்று இருக்கிறது, அதாவது 1966இல் செய்தது. பக்கவாட்டில் சாவியே கிடையாது. நேரம் திருத்த முதுகில் ஒரு மடக்குப் பிடி. காதில் வைத்தால் டிக் டிக் கேட்காது, ஒரே சீரான ரீங்காரம்தான்.

அந்த ரீங்காரம்தான் கடிகாரமே. உள்ளே ஒரு குட்டி இசைக்கவை (ட்யூனிங் ஃபோர்க்) நொடிக்கு 360 தடவை அதிர்கிறது. (நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். பள்ளி ஆய்வகத்தில் 341, 384 என்று போட்ட இசைக்கவைகள் இருக்கும். இது இரண்டுக்கும் நடுவில்.) ஒவ்வொரு அதிர்வுக்கும் கவையில் ஒட்டிய மெல்லிய கம்பியின் நுனியிலுள்ள கல், 300 பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தை ஒரு பல் தள்ளுகிறது. சக்கரத்தின் குறுக்களவு இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. பற்கள் கண்ணுக்குத் தெரியாது. 1960இல் இதை விற்பனைக்கு விட்டபோது மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்று உத்தரவாதமே கொடுத்தார்கள்.

மாமா காலத்துக்குப் பிறகு என்னிடம் வந்ததும், ஒரு கடையில் புது பேட்டரி போட்டுத் தந்தார்கள். மறுநாளே கால் மணி நேரம் முந்தி ஓடியிருந்தது. "காயில் போயிடுச்சும்மா, குடுத்துடுங்க, ஒரு விலை போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர். காயில், அதாவது கவையை அதிரவைக்கும் கம்பிச்சுருள், போயிருந்தால் ரீங்காரமே வராது. சுருதியும் மாறவில்லை. கவை சரியாக அதிர்கிறது, முள் மட்டும் முந்தி ஓடுகிறது என்றால் அதிர்வைக் கணக்கு எடுக்கும் இடத்தில்தான், அதாவது கல் சக்கரத்தைத் தள்ளும் இடத்தில்தான் கோளாறு.

கோளாறுக்குக் காரணம் மின்னழுத்தம். இந்த வாட்ச் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. இப்போது அதே இடத்தில் உட்காருவது 387எஸ் என்ற சில்வர் ஆக்சைடு பேட்டரி, 1.55 வோல்ட். வோல்ட் கூடினால் கவையின் அதிர்வெண் அவ்வளவாக மாறாது, வீச்சு (கவை ஆடும் தூரம்) கூடும். வீச்சு கூடினால் கல் சில சமயம் ஒரு பல்லுக்கு மேலும் தள்ளிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும் விஷயம் இது! இதற்காகக் கவையின் நுனியிலுள்ள சீர்செய்யும் தகட்டைத் திருப்புவது வீண் வேலை. அதில் ஒரு பல் நகர்த்தினால் நாளைக்கு இரண்டு நொடிதான் மாறும்.

வழி இரண்டு. வோல்ட்டைக் குறைக்க டையோடு வைத்த பேட்டரி உறை ஒன்று. இல்லையென்றால் அந்தக் கல்லும், சக்கரம் பின்னோக்கிப் போகாமல் பிடிக்கும் எதிர்க்கல்லும் சக்கரத்தைத் தொடும் இடத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 1.55 வோல்ட்டிலும் ஒரு பல் மட்டுமே நகரும்படி திருத்துவது. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவர் எனக்கு இரண்டாவதைச் செய்து கொடுத்தார். பொறுமை உள்ளவர்கள் மட்டும் தொட வேண்டிய வேலை. காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் அதோடு முடிந்தது.

இப்போது கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டால் நாளைக்கு ஒன்றிரண்டு நொடிதான் வித்தியாசம். இரவில் கழற்றி எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தும் சில நொடி மாறும். நிமிர்த்தி வைப்பதும் கிடத்தி வைப்பதும் ஒன்றல்ல, புவியீர்ப்பு கவையின் கைகளை இழுக்கிறது.

பாதரச பேட்டரி ஒழிந்தது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழையவை இன்னும் பல வீட்டு மேசை இழுப்பறைகளில் கிடக்கும். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கட்டாமல் வைத்திருக்கும் வாட்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் இயந்திரத்தையே அரித்துவிடும்.

அப்புறம், தாத்தாவின் வாட்ச் வேகமாக ஓடுகிறது என்று யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால், கொடுப்பதற்கு முன் அதைக் காதில் வைத்துப் பாருங்கள். ரீங்காரம் கேட்டால் விற்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருச்சி