லேபிள் இல்லாத கேன்

வண்டன்மேடு

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். நம் 'ஒட்டடை'யின் மகள் கல்யாணத்துக்கு நீ வராததை அவன் இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறான். உனக்காக வாதாட என்னால் ஆகாது.

பாண்டியின் தம்பி ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும்போது விழுந்துவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோஸ் இணைப்பு கழன்று மருந்து சட்டை முழுக்க நனைத்திருக்கிறது. மிச்ச வரிசையையும் முடித்துவிடலாம் என்று அந்த ஈரத்தோடேயே மதியம் வரை அடித்திருக்கிறான். நான் போனபோது வாயில் நுரை, வேர்வை கொட்டுகிறது, கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிவிட்டது, தொடைச் சதை தானாகத் துடிக்கிறது. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஜீப்பில் ஏற்றிக் கம்பம்மெட்டு வழியாகக் கீழே தமிழ்நாட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம்.

"என்ன மருந்து?" டூட்டி டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். கேனைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். லேபிள் இல்லை. பெரிய கேனிலிருந்து யாரோ ஊற்றிக் கொடுத்தது. தோட்டத்துக்காரர் போனை எடுக்கவில்லை. 2011-லேயே கேரளா மோனோகுரோட்டோபாஸ் உட்படப் பல மருந்துகளைத் தடை செய்தது. மலைக்கு மேலே கேரளத்தில் தடை, கீழே தமிழ்நாட்டில் கடை என்றுதான் பல வருஷம் இருந்தது. பேரில்லாத கேன் எப்படி வருகிறது என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

அட்ரோபின் என்ற முறிமருந்து ஏற ஏற நெஞ்சுச் சளி வற்றியது, புத்தி பிசகியது. படுத்தபடியே இரண்டு கையாலும் காற்றில் எதையோ சுருட்டிக்கொண்டிருந்தான். பாண்டிதான் கண்டுபிடித்தான், ஹோஸைச் சுருட்டுகிறான் என்று. அவன் அம்மா கையைப் பிடித்தால், "விடு, சிக்கிக்கும்" என்று உதறுகிறான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அப்புறம் அந்த டாக்டரம்மா ஒன்று சொன்னார். நரம்பின் செய்தியை முடித்துவைக்கும் ஒரு என்சைமை, அதாவது உடம்பில் வேதிவேலை செய்யும் ஒரு புரதத்தை, இந்த விஷம் பூட்டிவிடுகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. அட்ரோபின் அதன் விளைவைத்தான் அடக்குகிறது. விஷம் ரத்தத்தில் அப்படியே சுற்றுகிறது. வீட்டுக்குள் குழாய் உடைந்து கொட்டும்போது வாளியால் இறைத்துக்கொண்டிருப்பதுதான் அது. பூட்டை எடுக்கப் பிராலிடாக்சிம் என்ற ஊசி உண்டு. ஆனால் சில பூச்சிமருந்துகளில் சில மணி நேரத்திலேயே பிடி இறுகிவிடும், அதற்கப்புறம் பயனில்லை. மலையிறக்கத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று உனக்கே தெரியும்.

விஷத்தையே வெட்டிப்போட ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம்! அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்தவன் என்று சிரிக்காதே. பூச்சிமருந்து அடித்த பிலிப்பைன்ஸ் நெல்வயலில், டயசினான், பாரத்தியான் என்ற இதே இனத்துப் பூச்சிமருந்துகளைச் சிதைக்கும் பாக்டீரியாவை 1973-ல் சேதுநாதனும் யோஷிடாவும் கண்டறிந்து எழுதினார்கள். அதன் வேலைக்காரன் பாஸ்போட்ரைஎஸ்டரேஸ் என்ற என்சைம். நம் ரத்தத்திலும் இந்த விஷத்தைப் பிடிக்கும் என்சைம் ஒன்று உண்டு, ஆனால் ஒரு மூலக்கூறைப் பிடித்தால் அதோடு தானும் தீர்ந்துவிடும். வயலுக்காரன் அப்படியில்லை. தனக்குத் தோதான விஷம் கிடைத்தால் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் வெட்டுவான்.

நம் ரத்தத்து என்சைமை வைத்து வேலூர் சி.எம்.சி.யில் செய்து பார்த்திருக்கிறார்கள், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை ஏற்றி. 2010-ல் வந்த முடிவு: என்சைம் அளவு கூடியது, நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை. விஷத்தின் அளவுக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

வயல் என்சைமின் உறவுக்காரன் ஒருவனை வைத்து ஆஸ்திரேலியாவில் லேண்ட்கார்ட் என்று ஒரு சரக்கே செய்தார்கள். எதற்குத் தெரியுமா? ஆட்டை முக்கியெடுத்த மருந்துத் தண்ணீரைச் சுத்தப்படுத்த! ஆட்டுத் தண்ணீருக்குக் கிடைத்தது ஆளுக்குக் கிடைக்கவில்லை. சரி, அதற்கு நியாயமான காரணமும் உண்டு. பாக்டீரியா புரதத்தை உடம்பு எதிரியாகப் பார்க்கும், சீக்கிரம் வெளியேற்றும். பாரத்தியான் உடம்புக்குள் மாறி உண்டாகும் பாராக்சானை விழுங்குகிற வேகத்தில், குளோர்பைரிபாஸ் என்ற இன்னொரு பூச்சிமருந்தை அது வெட்டாது. அதனால் பேர் தெரியாத கேன் அங்கேயும் இடைஞ்சல்தான். எலியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். போரில் பயன்படும் சாரின் என்ற நச்சும் இதே இனத்து விஷம் என்பதால் அமெரிக்க ராணுவமும் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது. சிப்பாய்க்கென்றால் பணம் வரும். ஜீப்பில் வருகிற கூலிக்காரனுக்காக எந்தக் கம்பெனி போடும்? எனக்கு ஆத்திரமெல்லாம் இதில்தான்.

1958-ல் கேரளத்தில் கோதுமை மாவில் பாரத்தியான் கலந்து நூறு பேருக்கு மேல் செத்த பிறகுதான் 1968-ல் பூச்சிமருந்துச் சட்டமே வந்தது. அந்தச் சட்டப்படி லேபிள் கட்டாயம். இருந்தும் நான் மொட்டைக் கேனைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

உன்னிடம் வேண்டுவது இவ்வளவுதான். கேனின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது என்ன மருந்து என்று உங்கள் காலேஜ் லேபில் பார்த்துச் சொல்ல முடியுமா, இல்லை வேறு யாரிடம் கொடுக்க வேண்டும்? பஸ்ஸில் கொடுத்தனுப்ப மாட்டேன், பயப்படாதே, நானே எடுத்து வருகிறேன். பதில் வந்தால்தான் தோட்டத்துக்காரரிடம் பேச முடியும். பாண்டியின் தம்பியோ மறுபடி வேலைக்குப் போகிறேன் என்கிறான். பாண்டிக்கும் அவனுக்கும் தினம் சண்டை.

வரும்போது ஏலக்காய் கால் கிலோ கொண்டு வருகிறேன். மருந்தடிக்காதது என்று மட்டும் என்னிடம் சத்தியம் கேட்காதே.

உன்,
செல்வம்