பாதி விலைக்கு வெளிநாட்டு காரா? மும்பை துறைமுகம் வரைக்கும் போயிட்டு வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஜப்பான்லேருந்து பழைய சொகுசு கார பாதி விலைக்கு இறக்கலாம்னு ஒரு துணுக்கு வந்துச்சு, யாரோ ஒருத்தர் 15 லட்சத்துல வேலைய முடிச்சிட்டாருன்னு வேற போட்டிருந்தீங்க. அத படிச்சதுலேருந்து செவ்வாப்பேட்டைல எங்க லாரி ஆபீஸ்ல வேலையே ஓடலங்க, டீ குடிக்க வர்றவன் எல்லாம் "அண்ணே உங்க மாப்ள ஜப்பான்லதானே இருக்காரு, எனக்கும் ஒன்னு சொல்லுங்கண்ணே"ன்னு ஆரம்பிச்சிடறாங்க, அதுல ஒருத்தரு மரவள்ளி கெழங்கு வித்த காச கையில வெச்சிக்கிட்டு நாளைக்கே அனுப்பறேங்கறாரு. இந்த ஆசைல நான் ரெண்டு வருஷம் முன்னாடியே விழுந்து எந்திரிச்சவன், அதனாலதான் இவ்வளவு பெரிய லெட்டர், கோவிச்சிக்காம போடுங்க.

எங்க மாப்ள நகோயால வேலை பாக்கறாரு. அங்க பழைய காருங்கள ஏலம் விடற எடம் இருக்கு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேப்பர் ஒட்டியிருப்பாங்க, எங்க கீறல், எங்க நசுங்கல், உள்ள எப்படி, எல்லாத்துக்கும் மார்க்கு. நம்மூர்ல "ஒரே ஓனர் சார், டாக்டர் ஓட்டுன வண்டி"ன்னு வாயாலயே ஓட்டற கதையெல்லாம் அங்க கிடையாது. ஒருநாள் ராத்திரி ஒரு டொயோட்டா செஞ்சுரி போட்டோ அனுப்பினாருங்க. கறுப்பு, நீளம்னா நீளம், ஜன்னலுக்கு லேஸ் கர்ட்டன், 5 லிட்டர் வி12 இஞ்சின், சீட்டு லெதர் கூட இல்ல, கம்பளித் துணி, ஏன்னு கேட்டா லெதர் உக்காரும்போது கிரீச்சுன்னு சத்தம் போடுமாம், பெரிய மனுஷங்களுக்கு அது ஆகாதாம். ஜப்பான் மன்னர் குடும்பமே இந்த கார்லதான் போகும். செஞ்சுரின்னு பேரு வந்த கதைதான் எனக்கு ரொம்ப புடிச்சுது. சகிச்சி டொயோடான்னு ஒருத்தரு 1867ல பொறந்தாரு, தானா ஓடற தறிய கண்டுபுடிச்ச மனுஷன், அவரு பொறந்து 100 வருஷம் ஆனத கொண்டாட 1967ல விட்ட காருங்க அது. எங்க அப்பாரு அம்மாப்பேட்டைல தறி போட்டவரு. தறிக்காரன் பேர்ல வந்த கார தறிக்காரன் மகன் ஓட்டக்கூடாதான்னு ஒரு நெனப்பு உள்ள பூந்துகிச்சு, அப்புறம் தூக்கம் எங்க வரும்.

வெலையும் அங்க கம்மிதான், அத நான் இல்லேங்கல. ஜப்பான்ல புதுக்காருக்கு 3 வருஷத்துல ஒரு டெஸ்ட்டு, அதுக்கப்புறம் 2 வருஷத்துக்கு ஒருதடவ, ஷாக்கேன்னு சொல்லுவாங்க, அதுக்கு ஆவற செலவுக்கு பயந்தே பாதி சனம் வண்டிய தள்ளிவிட்டுடும். அதனால நல்ல நல்ல வண்டியெல்லாம் சல்லிசா ஏலத்துக்கு வரும். மாப்ள சொன்ன வெலைக்கு இங்க ஒரு சின்ன கார்தான் வரும். "மாப்ள, அத புடிங்க, விட்டுடாதீங்க"ன்னு நானும் சொல்லிட்டேன். நல்ல வேளை, அவரு "மாமா, மொதல்ல துறைமுகத்துல சரக்க வெளிய எடுத்துக் குடுக்கற கிளியரிங் ஏஜென்ட் ஒருத்தர்ட்ட கேட்டுடுங்க, அப்புறம் பணம் கட்டலாம்"னாரு.

சென்னைல தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் இருக்காரு, லாரில அவரு சரக்கு நெறைய ஏத்தியிருக்கோம், அந்த பழக்கத்துல காசு வாங்காம சொன்னாரு. மொதல் கேள்வியே "வண்டி எந்த வருஷம்ணே?" 2005ன்னேன். போன்லயே சிரிச்சாரு. வெளிநாட்டுலேருந்து பழைய கார் கொண்டாரணும்னா தயாரிச்ச தேதிலேருந்து 3 வருஷத்த தாண்டக்கூடாதாம். அதோட என் செஞ்சுரி முடிஞ்சுதுங்க, அந்த வி12 மாடலே 1997லேருந்து 2017 வரைக்கும்தான் வந்துச்சு, இனிமே எந்த காலத்துலயும் அது இந்த கணக்குக்குள்ள வராது. அதுக்கு மேல ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும், ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டர்ல காட்டணும், ஹெட்லைட்டு நம்ம எடதுபக்க ரோட்டுக்கு தோதா அடிக்கணும், இன்னும் 5 வருஷமாவது ரோட்ல ஓடற நெலமைல இருக்கணும்.

இத வெச்சு நீங்களே ஒவ்வொரு நாடா கழிச்சிப் பாருங்க. துபாய், அமெரிக்கா எல்லாம் ஸ்டியரிங் எடது பக்கம், போச்சு. இங்கிலாந்துல ஸ்டியரிங் சரி, ஆனா மீட்டர் மைல்ல ஓடும், மாத்தியாகணும். சிங்கப்பூர்ல ஸ்டியரிங்கும் சரி மீட்டரும் சரி, ஆனா அங்க வண்டி வெச்சிக்கவே 10 வருஷத்துக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கணும், அந்த 10 வருஷம் முடியற நேரத்துலதான் அவன் சல்லிசா குடுப்பான், நமக்கோ 3 வருஷத்துக்குள்ள வேணும், மூணு வருஷத்துல அவன் எதுக்குங்க சல்லிசா குடுக்கப்போறான். ஆக எது மலிவோ அது உள்ள வராது, எது உள்ள வருமோ அது மலிவு இல்ல. இந்த ஒரு விஷயத்த உங்க துணுக்குல காணோம்.

அப்புறம் போர்ட்டு. நமக்கு பக்கத்துல சென்னை, தூத்துக்குடி, கொச்சி எல்லாம் இருக்கு, ஆனா பழைய கார் மும்பை துறைமுகம் வழியாத்தான் எறங்கணும். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல ஒரு டெஸ்ட் சர்டிபிகேட், எறங்குனப்புறம் பூனாவுல வண்டிங்கள சோதிக்கற ஏஆர்ஏஐ மாதிரி எடத்துல இன்னொரு டெஸ்ட்டு. அந்த ஏஜென்ட் சொன்னது இன்னும் காதுல இருக்கு, "அண்ணே நீங்க கார் கொண்டாரல, பொண்ணு பாக்க அஞ்சு ஊரு சுத்தப்போறீங்க"ன்னாரு.

இப்ப துட்டு கணக்குக்கு வர்றேன். பழைய காருக்கு அடிப்படை சுங்க வரி 125 சதவீதம்னு ரொம்ப நாளா இருந்துச்சு, சர்சார்ஜ் சேத்தா 137.5. 2025 பட்ஜெட்ல அடிப்படைய 70 ஆக்கிட்டாங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தன் லட்டு வாங்கியாந்தான், கொறைச்சத செஸ்ஸுங்கற பேர்ல அந்தப்பக்கம் ஏத்தி மொத்தத்த அதே 137.5லயே நிறுத்திட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, லட்டு மட்டும் மிச்சம். சும்மா கணக்குக்கு வண்டி, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 10 லட்சம்னு வெச்சிக்குவோம். 137.5 சதவீதம்னா 13 லட்சத்து 75 ஆயிரம், ஆக 23.75 ஆச்சு. இந்த மொத்தத்து மேல ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22லேருந்து பெரிய காருக்கு 40 சதவீதம், அது 9.5 லட்சம். மும்பை துறைமுக வாசல தாண்டும்போது 33 லட்சத்து 25 ஆயிரம். இன்னும் நம்ம ஆர்டிஓ ஆபீஸ் வரல. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேருந்து 20 லட்சத்த தாண்டுன காருக்கு லைஃப் டேக்ஸ் 20 சதவீதம்.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்குங்க, இதுதான் ஆள கவுக்கறது. நீங்க ஏலத்துல 10 லட்சத்துக்கு எடுத்தேன்னு பில்ல நீட்டுனா கஸ்டம்ஸ்காரன் அத அப்படியே எடுத்துக்க மாட்டான். அந்த வண்டி புதுசுல என்ன வெல வித்துச்சுன்னு பாத்து, மொத வருஷம் ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் 4 சதவீதம், ரெண்டாவது வருஷம் மூணு மாசத்துக்கு 3, மூணாவது வருஷம் 2.5ன்னு தேய்மானம் கழிப்பான். முழுசா 3 வருஷம் ஆன வண்டிக்கே 38 சதவீதம்தான் கழியும். புதுசுல 60 லட்சம் வித்த கார நீங்க பேசிப் பேசி 20க்கு வாங்கியிருந்தாலும் அவன் புக்குல அது 37 லட்சத்து சொச்சம், வரியும் அதுக்குத்தான், வரி மட்டுமே 86 லட்சம் ஓடும். அப்ப நீங்க பேரம் பேசி மிச்சம் புடிச்ச காசு எங்க போச்சு?

அதனாலதான் கேக்கறேன், அந்த 15 லட்சம் வண்டி எப்படிங்க வந்துச்சு? குறுக்கு வழி இருக்குன்னு சொல்ற புரோக்கருங்க நம்ம சேலத்துலயும் இருக்காங்க, "பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்ணே"ம்பாங்க. 2025 செப்டம்பர்ல கேரளால கஸ்டம்ஸ்காரங்க நும்கோர்னு பேரு வெச்சி ரெய்டு அடிச்சத உங்க பேப்பர்லயே படிச்சேன், நும்கோர்னா பூட்டான் பாஷைல வண்டின்னு அர்த்தமாம், பூட்டான் வழியா உள்ள வந்து வேற மாநிலத்துல நம்பர் வாங்குன வண்டிங்கள தேடி நடிகருங்க வீடு வரைக்கும் போனாங்க. அவங்களுக்கு வக்கீல் இருக்காங்க, கெழங்கு வித்த காசுல வாங்குறவருக்கு யாரு இருக்கா? நேர் வழில கொண்டாந்தாலே தலைவலி வரும், நடிகர் விஜய் 2012ல இங்கிலாந்துலேருந்து எறக்குன ரோல்ஸ் ராய்ஸ் நுழைவு வரி கேஸ 2021 வரைக்கும் ஊரே பேசுச்சு. ஜிஎஸ்டி வந்தப்புறம் அந்த நுழைவு வரி இல்ல, அது ஒன்னுதான் ஆறுதல்.

சரி, அப்ப பெரிய காரே வேண்டாமான்னா, அப்படி சொல்ல எனக்கு வாய் வராது, ஏன்னா நான் கடைசில ஒன்னு வாங்கிட்டேன். கடல் தாண்டி இல்ல, டெல்லிலேருந்து. 2015ல பசுமை தீர்ப்பாயம், அப்புறம் 2018ல சுப்ரீம் கோர்ட்டு, 10 வருஷம் தாண்டுன டீசல் வண்டி டெல்லில ஓடக்கூடாதுன்னு சொன்னதுலேருந்து அங்கத்த ஆளுங்க 7 வருஷம் 8 வருஷத்துலயே கைமாத்த ஆரம்பிச்சிட்டாங்க, நமக்கு இங்க 15 வருஷம் ஆர்சி இருக்கு. என்னைய கேட்டா சேலத்துக்காரனுக்கு உண்மையான இம்போர்ட்டட் கார் அதுதாங்க. அங்க ஆட்சேபணை இல்லேன்னு என்ஓசி வாங்கணும், லோன் இருந்தா ஆர்சில ஹெச்பிங்கற கடன் பதிவு கேன்சல் ஆகியிருக்கணும், திருட்டு கேஸ் ஏதும் இல்லேன்னு போலீஸ் கிளியரன்ஸ் பாக்கணும், இங்க வந்து வண்டி வயசுக்கு தகுந்த லைஃப் டேக்ஸ் கட்டி டிஎன் 30ன்னு சேலம் நம்பர் வாங்கணும். எனக்கு நாலு மாசம் ஆச்சு, ஆனா எல்லாம் சொந்த பேர்ல, சொந்த பேப்பர்ல.

நான் வாங்குனது ஒரு ஜெர்மன் செடான், பேரு வேண்டாம். அதோட சொகத்த சொல்றேன். எங்க வீட்ல அவங்களுக்கு இடுப்பு வலி, பழைய வண்டில சென்னை போனா திரும்பி வந்து ரெண்டு நாள் படுக்கைதான். இதுல வாழப்பாடி தாண்டும்போது கண்ண மூடுனவங்க திண்டிவனத்துலதான் "எந்த ஊருங்க"ன்னாங்க. நூறுல போனாலும் உள்ள மெதுவா பேசுனா கேக்குது. ஏற்காடு மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவுங்க, ஒசரமான வண்டில போனா பின்சீட்டுல இருக்கறவங்க அந்தப்பக்கம் இந்தப்பக்கம் சாஞ்சு ஆறாவது வளைவுலயே பாலிதீன் கவர் கேப்பாங்க, இது தரையோட ஒட்டிகிட்டு பெருமாள் சப்பரம் திரும்பற மாதிரி திரும்புது. எறங்கும்போது மட்டும் ஆட்டோமேட்டிக்கு தானேன்னு 'டி' கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சிட்டே வரக்கூடாது, கியர கொறைச்சி இஞ்சின் புடிப்புலதான் எறங்கணும், அடிவாரத்துல சக்கரத்துலேருந்து பொகை வர்ற வெளியூர் காருங்கள வாராவாரம் பாக்கலாம்.

இப்ப இன்னொரு பக்கம். போன மார்கழில குடும்பத்தோட சேர்வராயன் கோயிலுக்கு போனோம், பதிமூணாவது வளைவு தாண்டி டீ குடிக்க நிறுத்துனோம், டீ குடிச்சிட்டு வந்து பாத்தா வண்டி முன்பக்கம் எருமை மாதிரி படுத்துகிச்சி. பட்டைக்கு பதிலா காத்துப் பை தாங்கற ஏர் சஸ்பென்ஷன், அதுல காத்து எறங்கிடுச்சு. கோரிமேட்டுலேருந்து கிளம்பும்போதே டேஷ்போர்டுல ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சுது, நான்தான் டெல்லி வண்டி குளுருக்கு எரியுதுன்னு பேத்தி கிட்ட பெருமையா சொல்லிட்டு வந்தேன். லாரிக்கு பட்டை ஒடைஞ்சா எங்க பட்டறைல அரைநாள் வேலை. இதுக்கு வண்டிய மேல ஏத்தி எடுத்துட்டு போற லாரி வரவெச்சி, கோயம்புத்தூர் கொண்டு போயி, பதினொரு நாள், ஒன்னே முக்கால் லட்சம். அந்த லாரிக்காரன் வேற என்னைய தெரிஞ்சவன், "என்னண்ணே லாரி ஆபீஸ் ஓனரே லாரில ஏறிட்டீங்க"ங்கறான். வாங்கும்போதே இந்த செலவுக்குன்னு தனியா ஒரு தொகை எடுத்து வெச்சிருந்தேன், இல்லேன்னா அந்த டீக்கடைலயே வித்துட்டு வந்திருப்பேன். லீ பஜார் பக்கம் அத எடுத்துட்டு போறதே இல்ல, நிறுத்த எடம் கெடைக்காது, தெருவுல ஆளாளுக்கு போட்டிருக்கற ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். உள்ளூருக்கு இன்னமும் பழைய ஸ்கூட்டர்தான்.

எங்க மாப்ள இப்பவும் ராத்திரி ராத்திரி ஏல போட்டோ அனுப்பிட்டுத்தான் இருக்காரு, நானும் பெருசு பண்ணி பாத்துட்டு "சூப்பர் மாப்ள, படுங்க"ன்னு அனுப்பிடுவேன். பாக்கறதுக்கு வரி இல்ல பாருங்க.

உங்ககிட்ட ஒரே வேண்டுகோள்ங்க. அந்த 15 லட்சம் கார் எந்த வருஷத்து மாடல், எந்த துறைமுகத்துல எறங்குச்சு, என்ன வரி கட்டுனாங்கன்னு உங்க நிருபர்கிட்ட கேட்டு வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு வரி போடுங்க. கெழங்கு வித்த காசோட எங்க ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கறவர அதுவரைக்கும் டீ வாங்கிக்குடுத்து நான் புடிச்சி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
லாரி ஆபீஸ்காரன்,
செவ்வாப்பேட்டை, சேலம்.